விசில்

சாத்தூரிலிருந்து சிவகாசி போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள்.

“எங்க வீட்டுக்காரரு அமெரிக்காக்காரங்க பாட்டை அவுகளுக்கே ஊதிக் காமிச்சுட்டாரு, மதினி.”

“கல்யாண பேண்டுல ஊதுற அதே சாக்ஸபோன்லயா?”

“அதேதான். சினிமாப் பாட்டை விட்டுட்டு ஜாஸ் ஊதுறாருன்னு கல்யாண வீட்டுல பாதியிலேயே அனுப்புனாகளே! சென்னைக்கு வந்த அமெரிக்கா ஜாஸ் குழுவுல சாக்ஸபோன்காரருக்குத் திடீர்னு காய்ச்சல். கூட்டாளி ஒருத்தரு சொல்லி இவரைக் கூப்பிட்டாக. ஒரு மணி நேரம் ஊதுனாரு. அம்புட்டுப் பேரும் எந்திரிச்சு நின்னு கைதட்டுனாக. இனி எல்லா நாட்டுக்கும் கூடவே வரணும்னுட்டாக.”

“ஆத்தீ! நீங்க என்ன செஞ்சீக?”

“முன் வரிசையில நின்னு, ரெண்டு விரலை வாயில வச்சு விசிலடிச்சேன்.”

சொன்னதோடு நிற்காமல் அடித்தும் காட்டினார். கண்டக்டர் விசிலென்று நினைத்து ஓட்டுநர் வண்டியை நிறுத்திவிட்டார்.