இரண்டாவது வளைவில் தண்ணீர்

எவாந்தியா: கைய எடுடா. பொசுங்கிடும்.

ஸ்ட்ராதிஸ்: சும்மா தொட்டுப் பார்த்தேன்க்கா. அடுப்பு மேல வச்ச சட்டி மாதிரி...

எவாந்தியா: காயாம என்ன பண்ணும்? நாப்பது நிமிஷமா வெயில்ல நிக்குது. எஞ்சினுக்குப் போற காத்தைக் குளுத்துற இன்டர்கூலருக்கே வண்டி ஓடினாத்தான் காத்து. நின்னா எஞ்சின் சூடு பூரா அதுலதான் வந்து உக்காரும். அந்த ஐஸ் மூட்டைய இப்படித் தள்ளு.

ஸ்ட்ராதிஸ்: மீன் நாத்தம் அடிக்குது.

எவாந்தியா: மீன் மார்க்கெட் ஐஸு பின்ன ரோஜாவா மணக்கும்? ஃபேனை இந்தப் பக்கம் திருப்பு.

ஸ்ட்ராதிஸ்: அக்கா... இனிமே ரேஸ் நடக்கும்னு நினைக்கிறியா?

எவாந்தியா: நிறுத்தி வச்சிருக்காங்க. ரத்துன்னு சொல்லல. நடந்தா நீ இன்னொரு தடவை ஏறணும்.

ஸ்ட்ராதிஸ்: லம்ப்ரோஸ் அத்தான் வண்டியோட கவுந்து மேல பள்ளத்துல கிடக்கார். நீ இங்க வண்டிக்கு ஒத்தடம் குடுத்துக்கிட்டிருக்க.

எவாந்தியா: வேற என்ன செய்யச் சொல்ற? ரெண்டு தடவை போய்க் கேட்டாச்சு, மேல விடமாட்டேங்கிறாங்க. கட்டிக்கப் போறவடான்னு சொன்னேன். இன்னும் கட்டலையேம்மாங்கிறான் அந்தக் காவக்காரன்.

ஸ்ட்ராதிஸ்: எவன் அவன்? நான் போய்...

எவாந்தியா: நீ ஒரு இடமும் போக வேண்டாம்.

ஸ்ட்ராதிஸ்: அம்மாவுக்குப் போன் பண்ணட்டுமா?

எவாந்தியா: பண்ணாத. கல்யாணக் கட்டில்ல தூவுறதுக்கு நேத்துதான் சர்க்கரைப் பாதாம் வாங்கி வச்சா. என்னன்னு சொல்லுவ?

ஸ்ட்ராதிஸ்: சரி, பண்ணல. இந்த ஐஸை மேல வச்சிடவா?

எவாந்தியா: ஐஸை மேல வைக்காதடா, பக்கவாட்டுல வை.

ஸ்ட்ராதிஸ்: பதினோரு வருஷமா ஏறுற மலைக்கா. ரெண்டாவது வளைவை அத்தான் கண்ணைக் கட்டிவிட்டாலும் திருப்புவார். அதுல எப்படி...

எவாந்தியா: டயர் சூடேறாம பிடி விட்டிருக்கும்.

ஸ்ட்ராதிஸ்: ஆகஸ்ட் மாச மத்தியானத்துலயா?

எவாந்தியா: ப்ரேக்கா இருக்கலாம். எனக்கென்ன தெரியும்? அந்த வண்டியை நானா கட்டினேன்?

ஸ்ட்ராதிஸ்: கோவப்படாத. நம்ம வண்டித் தண்ணித் தொட்டிய நிரப்பிட்டியா?

எவாந்தியா: இப்ப நீ ஏறி இறங்கினதுமே நிரப்பிட்டேன்.

ஸ்ட்ராதிஸ்: எவ்வளவு பிடிச்சுது?

எவாந்தியா: அஞ்சு லிட்டர்.

ஸ்ட்ராதிஸ்: தொட்டியே அஞ்சு லிட்டர்தானே.

எவாந்தியா: அடியில சொட்டுது பாரு. துணிய எடுத்துத் துடை.

ஸ்ட்ராதிஸ்: அக்கா, வரிசைல நிக்கும்போது மட்டும்தான் இன்டர்கூலர் மேல தண்ணி அடிக்கிறோம். கிளம்புற கோட்டுக்குப் போறதுக்கு முன்னால அணைச்சுத் துடைச்சிடுறோம். ஒரு லிட்டர்கூட ஆகாது. மிச்ச நாலு லிட்டர் எங்க போச்சு?

எவாந்தியா: குழாய் கசிஞ்சிருக்கும்.

ஸ்ட்ராதிஸ்: நான் ஸ்விட்சை அணைச்சேன். அணைச்சேன்னுதான் நினைக்கிறேன்.

எவாந்தியா: அணைச்சிருப்ப.

ஸ்ட்ராதிஸ்: கை போனது ஞாபகம் இருக்கு. விரல் அழுத்துச்சான்னு சொல்லத் தெரியல. அணைக்காமப் போயிருந்தா, வழி நெடுக ரோட்டுல தண்ணிய ஊத்திக்கிட்டே போயிருக்கேன். எனக்கு முப்பது செகண்டு பின்னால அத்தான்...

எவாந்தியா: சத்தமாப் பேசாத.

ஸ்ட்ராதிஸ்: உண்மையச் சொல்லு, உனக்கும் அந்தச் சந்தேகம்தானே?

எவாந்தியா: எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல. விடு.

ஸ்ட்ராதிஸ்: அக்கா, கொஸ்மாஸ் மாமா வர்றார். கிளம்புற கோட்டுல கொடி பிடிக்கிற மனுஷன், கோட்டை விட்டு நகர்ந்து நான் பார்த்ததே இல்ல.

எவாந்தியா: வரட்டும்.

கொஸ்மாஸ்: எவாந்தியா, உயிரோட இருக்கான். முதல்ல அதக் கேட்டுக்கோ.

எவாந்தியா: அப்புறம்?

கொஸ்மாஸ்: இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்லையாம். ஹெலிகாப்டர் வருது. நீயும் கூடப் போகலாம், சொல்லி வச்சிட்டேன்.

எவாந்தியா: பேசினானா?

கொஸ்மாஸ்: பேசினான். நான்தான் அவசரப்பட்டுட்டேன், தப்பு என்மேலதான், எவாந்தியாகிட்ட அதைச் சொல்லிடுங்கன்னான்.

எவாந்தியா: அப்படியா சொன்னான்?

கொஸ்மாஸ்: ஆனா அது அப்படி இல்லம்மா. வளைவுல நின்ன கொடிக்காரன் ரோட்டுல தண்ணியப் பார்த்திருக்கான். திரும்பி வேகம் எடுக்கிற இடத்துல, நீளமா. மழையும் இல்ல, மலை ஊத்தும் அங்க இல்ல. அவனுக்கு முன்னால போனது உங்க வண்டி. நான் அறிக்கையில எழுதியாகணும்.

ஸ்ட்ராதிஸ்: எழுதிக்குங்க மாமா. நான்தான். ஸ்விட்சை அணைக்க மறந்துட்டேன்.

கொஸ்மாஸ்: மறந்தியா, வேணும்னே விட்டியா? மறதின்னா ஒரு வருஷம் வண்டி ஓட்டக் கூடாது. வேணும்னேன்னா ஆயுசுக்கும்.

ஸ்ட்ராதிஸ்: மறந்துட்டேன். எங்க அப்பா மேல சத்தியமா.

கொஸ்மாஸ்: அக்காவுக்குத் தெரியுமா?

ஸ்ட்ராதிஸ்: அவளுக்கு ஒண்ணும் தெரியாது. பாவம், அவளை விட்டுடுங்க.

கொஸ்மாஸ்: எவாந்தியா, கையெழுத்துப் போடணும். இவன் சொல்றதுதானா?

எவாந்தியா: இல்ல மாமா. தம்பி பேரை அடிச்சிடுங்க. அவன் அணைச்சான், நான் பார்த்தேன். போன வருஷம் மலையோட மேல் பாதியில எஞ்சின் சூடேறி அரை செகண்டுல தோத்தோம்ல... அதனால வேகம் எடுக்கிறப்ப டர்போ அழுத்தம் ஏறினா தானா தண்ணி அடிக்கிற மாதிரி தனியா ஒரு வயர் குடுத்தேன். அந்த ஸ்விட்சுக்கு அதுல வேலையே இல்ல. அவன்கிட்டகூடச் சொல்லல. அடுத்து ஏறுறது யாருன்னு பட்டியல்ல பார்த்துட்டுத்தான் குடுத்தேன். லம்ப்ரோஸ்தானே, ஈரத்துலயும் சமாளிப்பான்னு நினைச்சேன்.