ஒற்றைச் சொல்லில் ஓடிய வண்டி

மேடையின் நடுவே வீற்றிருக்கும் பணிமனைத் தலைவர் அவர்களே, புகையிலும் புழுதியிலும் புடம்போடப்பட்ட மூத்த தொழிலாளர்களே, எங்களுக்கு முன்பே விழித்து எங்களை வழியனுப்பும் தாய்மார்களே, வணக்கம்!

'ரைட்' என்ற ஆங்கிலச் சொல்லை அறியாதவர் உண்டா? சரி என்றாலும் ரைட். வலப்பக்கம் என்றாலும் ரைட். உரிமை என்றாலும் ரைட். மாமியார் ஒரு மாதம் தங்க வருகிறார் என்றதும் மருமகன் பெருமூச்சோடு சொல்வதும் ரைட்டு! பின்வரிசையில் சிரிக்கிறவருக்கு அனுபவம் பேசுகிறது போலும். பேருந்து ஓட்டுநரான எனக்கோ, முதுகுக்குப் பின்னால் நடத்துநர் குரல் கொடுத்தால்தான் வண்டி நகரும். அதுதான் என் ரைட்.

அந்தக் குரலுக்கு உரியவர், நாம் 'வெண்கலத் தொண்டை' என்றழைக்கும் அண்ணன், இதோ முதல் வரிசையில் இருக்கிறார். பக்கவாதம் அவர் பேச்சைப் பறித்தது. விட்டுவைத்தது ஒரே ஒரு சொல்லை. தண்ணீர் வேண்டுமா? ரைட். வலிக்கிறதா? ரைட். கோபமா? அதுவும் ரைட்!

அண்ணி என்னிடம் சொன்னார்: "திட்டுனாக்கூடப் பரவாயில்ல தம்பி. என்கிட்ட ஒரு வார்த்தை பேசிட்டா போதும்." அவர் அழவில்லை, நான்தான் அழுதேன்.

வீட்டில் வராத பேச்சு வண்டியில் வராதா? மருத்துவரைக் கேட்டேன். முயன்று பாருங்கள், உறுதி தரமாட்டேன் என்றார். அண்ணனையும் அண்ணியையும் பழைய தடத்தில் ஏற்றினோம். புது நடத்துநர் தன் இருக்கையை அவருக்குத் தந்துவிட்டு, விசிலைத் தொடாமல் நின்றார்.

அண்ணன் 'ரைட்' என்றார். வண்டியை எடுத்தேன். அந்தச் சொல்லோடு அடுத்த நிறுத்தத்தின் பெயரையும் சேர்த்துச் சொல்வது அவர் வழக்கம். உதடு துடித்தது. நாக்கு புரண்டது. பயணிகள் திரும்பிப் பார்த்தார்கள். "ரைட்... பா... பாலம்" என்றார்!

வாரக்கணக்கில் ஓட்டினோம். பாலத்துக்குப் பின்னே சந்தை வந்தது. சந்தைக்குப் பின்னே தண்ணீர்த்தொட்டி வந்தது. ஒருநாள், இறங்கும் இடம் வருவதற்குள் அண்ணி எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். பின்னாலிருந்து ஒரு கரகரத்த குரல்: "படியில நிக்காத. உள்ள வாம்மா."

தோழர்களே, இதைவிடக் காதல் வசனம் உண்டா? அண்ணி கம்பியைப் பிடித்துக்கொண்டு விம்மினார். நோய் பறித்ததை மருந்து மட்டுமா மீட்கும்? உழைத்த இடம் மீட்கும்! உடன் உழைத்தவர் மீட்பர்! ஒருவரால் முடியாது என்று சொல்லும் முன், அவர் தடத்தில் அவரோடு ஒருமுறை போய்ப் பாருங்கள்!

செவி கொடுத்த அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி, வணக்கம். அடுத்து நன்றியுரை, வழங்கப்போகிறவர் அண்ணன்தான். சற்று நேரமாகும். யாரும் எழுந்து போய்விடாதீர்கள்.