பதினான்கு பைகளும் ஐந்தாம் தீர்மானமும்

மின்விசிறிக்கு நேர்கீழே அமர்ந்து அவையை நடத்தும் நம் குடியிருப்போர் சங்கத் தலைவர் லக்ஷ்மிநாராயணன் அவர்களே, முழங்கால் வலியோடு படியேறி வந்த பெரியவர்களே, அடுப்பை அணைத்துவிட்டு வந்த தாய்மார்களே, அணைத்தோமா என்று இன்னும் யோசிக்கும் தாய்மார்களே, எல்லோரையும் வணங்குகிறேன்.

கடந்த சித்திரை மூன்றாம் நாள், காலை ஏழேகால் மணிக்கு, வண்ணார்பேட்டையின் வரலாற்றில் ஒரு முடிவு எடுக்கப்பட்டது. இனி வெண்டைக்காயும் கொத்தமல்லியும் கடையில் வாங்குவதில்லை. மொட்டை மாடியில் விளைவிப்பது. எடுத்தவன் நான். வழிமொழிய வேண்டிய என் மனைவி அப்போது குளித்துக்கொண்டிருந்தார்.

இன்று அந்த முடிவுக்கு முடிவுகட்ட ஐந்தாம் தீர்மானம் வந்திருக்கிறது. அது நிறைவேறினால் ஞாயிறு மாலைக்குள் என் பதினான்கு செடிப் பைகளும் மாடியிலிருந்து இறங்க வேண்டும். குற்றம் என்ன? கேளுங்கள்.

வாங்கிய பைகளைத் திருப்பிப் பார்த்தேன். அடியில் ஓட்டை. ஒரு பைக்கு நான்கு. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்றே நினைத்தேன். நான் சேரன்மகாதேவிக்காரன். கால்வாய் நிரம்பி வயல் நிரம்பி, கணுக்கால் தண்ணீரில் நிற்கும் நெல்லைப் பார்த்து வளர்ந்தவன். தண்ணீர் நிற்காத இடத்தில் பயிர் நிற்குமா? ஐம்பத்தாறு ஓட்டைகளையும் எம்சீல் பசை வைத்து அடைத்தேன். விதைத்தேன். நீர் கட்டினேன். முளைத்தது. மஞ்சளித்தது. மஞ்சளித்ததால் மேலும் ஊற்றினேன்.

மாடி கூட்ட வரும் இசக்கித்தாய் வள்ளியூர்ப் பக்கம் மானாவாரி நிலத்தில் வேலை பார்த்தவர். பையைத் தூக்கிப் பார்த்தார்.

"ஓட்டைய எதுக்கு அடைச்சிய அய்யா?"

"தண்ணி நிக்கணும்லா."

"தண்ணி நிக்கணும்னா பானைல்லா வாங்கியிருக்கணும். வேரு அழுகுது பாருங்க. எங்க ஊர்ல ஒரு குடத்த வச்சு ஒரு பாத்திய வெளைய வச்சிருவோம். கொஞ்சங் கொஞ்சமா, பையப் பைய ஊத்துங்க."

அன்றே ஓட்டைகள் திறந்தன. செடிகள் நிமிர்ந்தன. தேங்கிய தண்ணீர் தன் வழியைத் தேடிப் போனது. அந்த வழி, மாடிக்கு நேர்கீழ் வீட்டிலிருக்கும் ஆசிரியை பாகீரதியின் சமையலறைக் கூரையில் முடிந்தது. கரண்டியோடு மாடியேறி வந்தார்.

"மாமா, தோசைக்கல்லுல சொட்டுறது. இப்படியே போனா நான் வார்க்கறது தோசையா கூழான்னே தெரியாது."

அவர் கொண்டுவந்ததுதான் ஐந்தாம் தீர்மானம். நியாயமான தீர்மானம். அடைத்தால் செடி சாகும். திறந்தால் தோசை சாகும். என்ன செய்வேன்? வீட்டுக்குள் போனேன். எங்களிடம் இருந்த எவர்சில்வர் தட்டுகள் சரியாகப் பதினான்கு. ஒவ்வொரு பையின் கீழும் ஒன்று வைத்தேன். வடிவது தட்டில் நிற்கிறது. நின்றதை எடுத்து மறுபடி ஊற்றுகிறேன். பதினோரு நாளாகக் கூரையில் ஒரு சொட்டு உண்டா? பாகீரதி இல்லையென்று தலையாட்டுகிறார். மூன்றாம் வரிசையில் என் மனைவியும் தலையாட்டுகிறார். அது வேறு விஷயம்.

என்ன அண்ணாச்சி? எத்தனை காய் காய்த்ததா? மூன்று. சிரியுங்கள், காத்திருக்கிறேன்.

பாபநாசத்தில் மலையிறங்கும் நம் ஆறு, ஏரல் தாண்டிக் கடலைத் தொடுமுன் எத்தனை வயலைத் தொட்டுப் போகிறது! அதே தண்ணீர் குழாயேறி நம் தொட்டிக்கும் வருகிறது. வந்த தண்ணீர் வண்டி கழுவ மட்டுமா? வாளி நிரப்ப மட்டுமா? ஒரு வேரையாவது தொட வேண்டாமா? ஓய்வுபெற்று நான்கு ஆண்டுகளாக, காலையில் படியேற எனக்கு ஒரு காரணம் இல்லாதிருந்தது. இப்போது இருக்கிறது. இன்று காலை பூத்திருக்கிறது. கை தூக்குமுன் அதை ஒருமுறை மாடியேறிப் பாருங்கள்.

ஐந்து நிமிடம் கொடுத்து, ஒன்பது நிமிடம் பொறுத்த தலைவருக்கும், உங்கள் எல்லோருக்கும் நன்றி, வணக்கம்.

எங்கள் வீட்டில் பதினோரு நாளாக வாழையிலையில் சாப்பிடுகிறோம்.