செம்பூருக்குப் போன குதிரை

"ஹலோ… ஹலோ… யாரு பேசுதது? தபேலாவா? ரவூபக் கூப்பிடு… நான் யாரா இருந்தா உனக்கென்ன, கூப்பிடுன்னா கூப்பிடு… ஆமா, வீட்டு ஆளுதான்… ஆமா ஆமா, நிக்கேன்."

தாராவி மெயின் ரோட்டில் வானமாமலையின் மளிகைக் கடைக்குள், அரிசி மூட்டைக்கும் எண்ணெய் டின்னுக்கும் நடுவில் நின்றுகொண்டு ஹபீபா ரிசீவரைக் காதோடு அழுத்திப் பிடித்திருந்தாள். மகளின் பிரசவத்துக்காகக் கடையநல்லூர் போய் மூன்று மாதம் இருந்தவள் அன்று காலையில்தான் பம்பாய் வந்து இறங்கியிருந்தாள். பெட்டியை வீட்டுக்குள் வைத்துவிட்டு, ஒரு கை கடலையை அள்ளிக்கொண்டு பின்பக்கக் கொட்டகைக்குப் போனால் குதிரை இல்லை. வண்டியும் இல்லை. அவள் புருஷன் முகம்மது ஹனீப் மென்று விழுங்கி விஷயத்தைச் சொன்னார். அவள் ஊருக்குப் போன வாரத்திலேயே அவருடைய தம்பி அப்துல் ரவூப் வந்து, பாதாமை வண்டியோடு செம்பூரில் இருக்கும் தன் தபேலாவுக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டான். பாதாம் என்பது குதிரையின் பெயர், தபேலா என்பது லாயம். இப்போது ஹனீப் கடைக்குள் வரத் துணியாமல் வாசலிலேயே நின்றார்.

"ஹலோ… ரவூபா? … மைனிதான். வாயில மட்டும் மைனி மைனின்னா போதாது, மனசுலயும் இருக்கணும்… காலையிலதான் வந்தேன்… நல்லாருக்கா, ரெண்டு உசுரும் நல்லாருக்கு. அத விடு. என் குதிர எங்க? … யாரு குதிர? திருப்பிச் சொல்லு… கொடுத்தாராக்கும். ஒங்க அண்ணன் கேட்டா இடுப்பு வேட்டியவும் அவுத்துக் கொடுத்துருவாரு. நான் கொடுத்தேனா? சீனாக்காரன் சண்டைக்கு வந்த வருசம், என் காதுல கிடந்ததக் கழத்தி வித்து வாங்கின குட்டி அது… பொறு, நான் பேசி முடிக்கேன். ரேஷன் கடையில நமக்கு அரிசி இல்லாத நாள்லயும் அவனுக்குக் கடலை இல்லாம இருந்துருக்கா? … அப்ப நீ எங்க போன?"

வாசலைத் திரும்பிப் பார்த்தாள். ஹனீப் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒங்க அண்ணன் இந்த வயசுல கைவண்டி இழுக்குதாரு, தெரியுமா? தெரியும்… தெரிஞ்சுதான் ஓட்டிட்டுப் போயிருக்க… என்னது, சந்துல சொன்னாங்களா? எவ சொன்னா? பேராச்சியா? … சொறி புள்ளைகளுக்கு ஒட்டிக்கிடும்னாளா? ரெண்டு வருசமா அவன் கழுத்தக் கட்டிட்டு நிக்கேன். எனக்கு ஒட்டுச்சா? … சொல்லு, ஒட்டுச்சா?"

ஒட்டவில்லைதான். ஆனால் பாதாமை அது விட்டபாடும் இல்லை. முதலில் பிடரியின் அடியில் கடுகு கடுகாக ஏதோ பொரிந்து வந்தது. பிறகு அந்த இடத்து முடி கொத்தாகக் கையோடு வந்தது. அரிப்புத் தாங்காமல் சுவரில் கழுத்தைத் தேய்த்துத் தேய்த்து, ரத்தம் பார்த்த பிறகுதான் நிறுத்துவான். பிடரி ஆறினால் வாலடியில் தொடங்கும், வாலடி ஆறினால் விலாவில். பெரிய மிருக டாக்டர் தோலைச் சுரண்டிக் கண்ணாடியில் வைத்துப் பார்த்துவிட்டு, பூச்சியும் இல்லை, படையும் இல்லை என்றார். இன்னொருவர் தீவனத்தைக் குறை சொன்னார். தீவனத்தை மாற்றினாள். கொசு என்றார்கள். கொட்டகையைச் சுற்றிச் சாக்குப் படுதா கட்டினாள். வேப்பெண்ணெயில் கந்தகம் குழைத்துப் பூசினாள், மாஹிம் தர்காவில் கயிறு ஓதி வாங்கி வந்து கழுத்தில் கட்டினாள். எதுவும் கேட்கவில்லை. தன் மூஞ்சியை அவள் மடியில் வைத்திருந்தால் அவன் தேய்க்கமாட்டான் என்பதற்காக ஒரு மழைக்காலம் முழுவதும் கொட்டகையிலேயே உட்கார்ந்து கிடந்தாள்.

"சரி, அவன் மேல என்னத்தப் பூசின? … பொய் சொல்லாத. கழிவு எண்ணெய்தான? லாரி என்ஜின்ல வடிக்கிற எண்ணெய். ஒன் தபேலாவுல ரெண்டு குதிர எப்படிச் செத்துச்சுன்னு எனக்குத் தெரியாதா? … ஒண்ணுமே பூசலயா. அப்ப அழுகட்டும்னு விட்டுட்டியா? … என்ன?"

ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"திரும்பச் சொல்லு… போயிட்டா? எது போயிட்டு? … முளைச்சிட்டா… ஏல, யார்கிட்ட கத விடுத? அந்த எண்ணெய் ஆலைப் பொகையில மனுசனுக்கே மூச்சு முட்டுது, அங்க கொண்டு நிறுத்தினதும் அவனுக்கு முடி முளைச்சிட்டாக்கும். நான் ரெண்டு வருசமாப் பாத்த வைத்தியமெல்லாம் வைத்தியமில்ல, ஒன் தபேலாச் சாணிதான் மருந்து… நீ ஆணையிடாத. நீ அல்லா மேல ஆணையிடாத, சொல்லிட்டேன். வாப்பா மௌத்தானப்ப அடக்கத்துக்குப் போக டிக்கெட் கிடைக்கலன்னு சொல்லிட்டு சினிமாக் கொட்டகையில உக்காந்திருந்த ஆளு நீ… வலிக்குதா? வலிக்கட்டும்."

வானமாமலை கல்லாவிலிருந்து தொண்டையைக் கனைத்தார்.

"கொஞ்சம் பொறுங்க அண்ணாச்சி, முடிச்சிருதேன்… ஒன்ன இல்ல, கடைக்கார அண்ணாச்சியச் சொன்னேன். ரவூபு, ஒம் பொண்டாட்டியக் கூப்பிடு… ஆமா, சைனபத்தான்… பேசமாட்டேன்தான். அவ மொகத்துல முழிக்கமாட்டேன்னும் சொன்னேன். போன்ல மொகமா தெரியுது? கூப்பிடு."

ஹபீபாவின் மகள் நிக்காஹ் அன்று சைனப் அத்தனை பேர் நடுவில், மாப்பிள்ளைக்கு ஒரு காது கேட்காது என்று சொல்லியதிலிருந்து ஹபீபா அவளோடு பேசுவதில்லை. நிக்காஹ் முடிந்த வாரத்திலேயே அது உண்மை என்று தெரிந்துபோனது. அதற்குப் பிறகு பேசுவது இன்னும் கஷ்டமாகிவிட்டது. ஆனாலும் அந்தக் குடும்பத்தில் பொய் சொல்லத் தெரியாத ஆள் அவள் ஒருத்திதான் என்பது ஹபீபாவுக்குத் தெரியும்.

"…வ அலைக்கும் சலாம்… ம்… ஆம்பளப் புள்ள… கேக்குது, ரெண்டு காதும் நல்லாக் கேக்குது. கதவச் சாத்துனா முழிச்சிட்டு அழுவுது… சரி சரி, அதுக்கு நான் கூப்பிடல. நான் கேக்கதுக்கு மட்டும் பதில் சொல்லு. பிடரியில முடி இருக்கா? … எம்புட்டு? … ஒரு விரக்கடையா. குத்துதா, மெத்துன்னு இருக்கா? … ம்… வாலடி? … விலாவுல ஒரு வட்டம் இருந்துச்சே, எடப் பக்கம்… அதுவுமா? … சொவத்துல தேய்க்கானா? … ஒரு தடவகூடவா? … அப்ப ராத்திரி என்ன செய்தான்? … என்னது?"

ஹபீபாவின் குரல் இறங்கிவிட்டது.

"படுத்தா? … கால நீட்டிப் படுத்தா தூங்குதான்?"

இரண்டு வருடமாகப் பாதாம் படுத்து அவள் பார்த்ததில்லை. படுத்தால் தரை உராய்ந்து எரியும், எழுந்துவிடுவான். நின்றபடியே கண் செருகி, தலை தொங்கி, மறுபடி திடுக்கிட்டுச் சுவரைத் தேடுவான்.

"இருக்கேன், இருக்கேன், லைன்லதான் இருக்கேன்… என்ன கொடுத்த, சொல்லு. கோவமாக் கேக்கல… புல்லு அதே புல்லா. கடலை? … தண்ணி கெணத்துத் தண்ணியா. இங்க குழாத் தண்ணியத்தான நாங்களும் குடிக்கோம்… ஆமா, பக்கத்துல தோல் ஊறப்போடுத தொட்டி இருக்கு. தொட்டி அன்னைக்கும் இருந்துச்சு, அப்ப நல்லாத்தான இருந்தான்? … சாயப்பட்டற போன வருசம்லா வந்துச்சு, சொறி அதுக்கு முன்னாலயே வந்துட்டே… அப்ப எது? … உனக்கும் தெரியலயா… ம். நீ தெரியலன்னா தெரியலன்னு சொல்லிருவ. வந்ததும் ஏன்னு தெரியல, போனதும் ஏன்னு தெரியல."

மறுமுனையில் சைனப் வேறு ஏதோ சொல்லத் தொடங்கினாள்.

"…எப்ப? … இன்னைக்கேவா? … ஒம் புருசன் விடுவானா? … நீ விடுவியா?"

சைனப் தடுத்திருந்தால் சண்டை போட்டிருக்கலாம். சண்டை போட்டு, ஜெயித்து, சாயங்காலத்துக்குள் பாதாமைச் சந்துக்குள் கொண்டுவந்து கட்டியிருக்கலாம். சைனபோ, குதிரை உன்னுடையது, வந்து ஓட்டிக்கொண்டு போ என்று கதவை அகலத் திறந்துவிட்டாள். கொட்டகைச் சுவரில் அவன் கழுத்துத் தேய்ந்து தேய்ந்து வழுவழுவென்று ஆன இடம் அந்தக் காலையிலும் அப்படியே இருந்ததை ஹபீபா பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தாள். கூட்டி வந்தால் என்ன ஆகும் என்று யாரும் அவளுக்குச் சொல்லவேண்டியதில்லை.

"சைனபு… ஏ சைனபு… யாரு, ரவூபா? நீ எதுக்குப் போன வாங்கின, அவ பேசிட்டு இருக்காள்லா? … என்ன சொன்ன? எங்க சந்து நாத்தமா? ஏல, பம்பாய் வந்த புதுசுல நீயும் இந்தச் சந்துலதான கிடந்த? என் கையால வடிச்ச சோத்தத் தின்னு வளந்த ஒடம்புதான அது? உனக்கு ஒரு சொறி வந்துச்சா? தோல் தடிச்ச ஆளு, உனக்கு எங்க வரும்… என் கை ராசி இல்லாத கையா? இன்னொரு தடவ சொல்லு. சொல்லிப் பாரு… வாய மூடு. மூடிட்டுக் கேளு."

முந்தானையால் நெற்றியைத் துடைத்தாள்.

"அவன் அங்கயே நிக்கட்டும்… என்ன இளிப்பு? நீ ஜெயிக்கல. அவன் படுத்துத் தூங்குதான், அதுக்காகச் சொல்லுதேன். குதிர எனக்குள்ளது. நாளையிலருந்து ஒங்க அண்ணன் அங்க வந்து வண்டி கட்டுவாரு. நீ கடிவாளத்தத் தொட்டன்னு காதுல விழுந்துச்சு, நேர்ல வந்து கைய ஒடிப்பேன்… ஆமா. செம்பூர், குர்லா, காட்கோபர், அங்கிட்டுள்ள லோடு மட்டும். சயான் தாண்டி நம்ம பக்கம் கொண்டாரக் கூடாது… மாட்டுங்கா லோடும் வேண்டாம். எவ்வளவு கொடுத்தாலும் வேண்டாம்… ஏனா? நம்ம சந்து முக்கு வந்தா அவன் தானா உள்ள திரும்பிருவான். ஒங்க அண்ணன் இழுத்துப் பிடிச்சாலும் நிக்கமாட்டான்."

வாசலில் ஹனீப் நிமிர்ந்து பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

"இன்னொண்ணு. அண்ணன் வந்ததும் கெணத்தடியில குளிக்கச் சொல்லு. இங்கருந்து உடுத்திட்டு வந்த துணியோட கிட்ட விடாத. அங்க ஒரு வேட்டி, சட்ட கிடக்கட்டும். சைனபுகிட்ட சொல்லு, அவதான் மறக்காமச் செய்வா… நானா? … வரல… வரலன்னா வரல. அவரு போய்த்தான் ஆகணும், வண்டி ஓடணும். நான் தொட்டுப் பாக்கலன்னா யாருக்கு என்ன கொறச்சல்? … குளிச்சா போயிரும்னு உனக்கு எப்படித் தெரியும்? எதுல இருந்து வந்துச்சுன்னு உனக்கும் தெரியல, டாக்டருக்கும் தெரியல. ரெண்டு வருசமா அவனோடயே கிடந்தது நான்தான். என்கிட்ட இருந்து வந்திருந்தா?"

மறுமுனையிலிருந்து என்ன வந்ததோ, அவள் முகம் சுருங்கியது.

"…இல்ல… இல்ல ரவூபு… இப்படி மைனின்னு கூப்பிடாத. கொஞ்சம் முன்னால நாத்தம்னியே, அப்படியே பேசு, அது எனக்கு லேசு… நான் ஒண்ணும் அழல. போன வை… வைங்கேன்லா… நீ வைக்கலன்னா நான் வைக்கேன்."

அவள் வைத்த வேகத்தில் வானமாமலையின் டெலிபோன் ஒரு தடவை தானாக மணியடித்து ஓய்ந்தது.