வேட்பாளருக்கு வந்த அவசரம்

இலுப்பூரில் விராலிமலை பஸ் ஏறியதும் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டேன். பாட்டு எதுவும் ஓடவில்லை. ஒட்டுக்கேட்கிறவனும் கொஞ்சம் கௌரவமாகத் தெரிய வேண்டுமல்லவா? முன்சீட்டுப் பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"வேட்பாளருக்கு ஒண்ணுக்கு முட்டுனப்பத்தான்க்கா எங்க ஊருல பள்ளிக்கூடம் இருக்கறதே அவருக்குத் தெரிஞ்சுச்சு."

"என்னடி சொல்றே?"

"எங்க வீட்டு வாசலுக்கு ஓட்டுக் கேக்க வந்தவரு அவசரமா எதுத்தாப்புல இருக்கற பள்ளிக்கூடத்துக்கு ஓடுனாரு. தண்ணி வசதி இல்லைன்னு கக்கூஸு ரெண்டு வருசமாப் பூட்டிக் கெடக்கு. செவுத்துக்குப் பின்னாடி போயிட்டு வந்து, 'ஜெயிச்சா ஸ்மார்ட் கிளாஸ் போட்டுத் தாரேம்மா'ங்குறாரு."

"நீ சும்மாவா விட்ட?"

"'நீங்க செவுத்துக்கு அங்கிட்டுப் போயிட்டீங்க. எட்டாப்புப் படிக்கிற எம்மக எங்கிட்டுங்க போவா? அதுக்குப் பயந்து பகல் பூரா தண்ணியே குடிக்காம ஒக்காந்திருக்கா'ன்னேன்."

"அதுக்கு என்ன சொன்னாரு?"

"கூட வந்தவன்கிட்ட, 'இதக் குறிச்சுக்கப்பா'ன்னாரு. அவன் கையில துண்டும் மாலையுந்தான் இருந்துச்சு, பேனாவக் காணோம்."

அக்கா தலையில் அடித்துக்கொண்டு சிரித்தாள். "அப்ப ஓட்டு?"

"'மொதல்ல அந்தக் கதவைத் தொறந்துட்டு வாங்க, அப்பறம் எங்க வீட்டுக் கதவைத் தட்டுங்க'ன்னு உள்ள போயித் தாழ்ப்பாளப் போட்டுட்டேன்."