பதினைந்தாவது பிள்ளை

மடுல்கெல்ல பஸ் கண்டியிலிருந்து இன்னும் கிளம்பவில்லை. முன் சீட்டில் இருந்தவர் பக்கத்திலிருந்தவரிடம், "எங்க தோட்டத்து ஸ்கூலுக்கு வந்த சயன்ஸ் வகுப்ப திருப்பி அனுப்புனது நான்தாங்கண்ணே" என்றார். நான் போனை அணைத்து வைத்தேன்.

"நீ என்னப்பா செஞ்ச?"

"கவர்மென்ட்டுல லேப் கட்டுனாங்க. ஏ.எல். சயன்ஸ் உயர்தர வகுப்புக்கு பதினஞ்சு பிள்ளைங்க சேந்தா டீச்சரும் தர்றோம்னாங்க. ஸ்கூல் அதிபர் எங்க லயத்து வீட்டுக்கே வந்து, 'ஒங்க மகளோட சேத்தாதான் பதினஞ்சு'ன்னாரு. டவுன் ஸ்கூல்தான் நல்லதுன்னு நான் அவள கண்டியில சேத்துட்டேன்."

"பெத்தவங்க அப்படித்தானே நெனைப்போம்."

"பதினாலு பேருக்கு டீச்சர் தரமுடியாதுன்னுட்டாங்க. எம் மகளுக்கும் வெள்ளன அஞ்சு மணி பஸ்ஸு ஒத்துக்கல. மூணே மாசத்துல திரும்பி வந்துட்டா."

"இப்ப என்ன படிக்கிறா?"

"நம்ம ஸ்கூல்லதான், ஆர்ட்ஸ். எடம் பத்தலேன்னு அந்த லேப்லயே ஒக்கார வச்சிருக்காங்க. மேசைக்கு மேசை தண்ணி பைப்பு இருக்காம்."

பஸ் கிளம்பியது.

"அந்தப் பதினாலு பேரும்?"

"அவளோடதாண்ணே ஒக்காந்திருக்காங்க. இப்ப பதினஞ்சு சரியா இருக்கு."