சாலிஹாவின் ஒளுக் குழாய்

இந்த ஊரில் குடிக்கிற தண்ணீரைப் புல்லுக்கு ஊற்றுகிறார்கள், ஜுஹைர் மச்சான். டெக்ஸஸில் இந்தப் பேர்லேண்டுக்கு வந்த நாளிலிருந்தே அதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். நீங்கள் நியூ ஜெர்சியில் டாக்டர், குழாயைத் திறந்தால் நகராட்சித் தண்ணீர் வரும். எங்கள் வீடு ஊருக்கு வெளியே. போர் தண்ணீர்தான், சாக்கடை இணைப்பும் கிடையாது. கழிவுநீரை அவரவர் தோட்டத்திலேயே தொட்டி வைத்துச் சமாளிக்க வேண்டும். அதைச் சுத்தம் செய்வதுதான் நான் படித்த படிப்பு, பார்க்கிற வேலை. உங்கள் தங்கை சாலிஹா எப்படி இறந்தாள் என்று கேட்டீர்கள். அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ரீட்டா புயலுக்கு மறு வருஷம் தோட்டத்தில் ஒரு சவ்வு இயந்திரம் வைத்தேன். சமையலறை, குளியலறை, கக்கூஸ், எல்லாத் தண்ணீரும் அதற்குப் போகும். உள்ளே காற்றை ஊதிக்கொண்டே இருந்தால் நுண்ணுயிர்கள் அழுக்கைத் தின்றுவிடும். இடியாப்பம் போலக் கொத்துக் கொத்தாகச் சவ்வு இழைகள் தொங்கும். அவற்றின் துளைகளில் பாக்டீரியாகூட நுழைய முடியாது. தண்ணீர் மட்டும் இழுபட்டு இன்னொரு தொட்டிக்கு வந்து சேரும். முதல் நாள் அதை ஒரு டம்ளரில் பிடித்து சாலிஹாவிடம் காட்டினேன். பளிங்காக இருந்தது. அவள் தொடவே இல்லை, டம்ளரோடு குப்பையில் போடச் சொன்னாள்.

பள்ளிவாசல் ஹஸ்ரத்திடம் அழைத்துப் போனேன். அழுக்கின் நிறமும் மணமும் ருசியும் போய்விட்டால் அது சுத்தமான தண்ணீர்தான், தாராளமாக அதில் கை, முகம், கால் கழுவி ஒளு எடுத்துத் தொழலாம் என்றார். திரும்பி வரும்போது காரில் அவள் சொன்னாள்: "ஹஸ்ரத் சொன்னா கரெக்டாத்தான் இருக்கும். எனக்குத்தான் மனசு வரலைங்க. புல்லுக்கு யூஸ் பண்ணுங்க, நான் வேணாம்னு சொல்லல."

அது என்னைக் குத்தியது. கம்பெனியில் என்னைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். வீட்டில் நான் செய்த தண்ணீர் நஜீஸ், அசுத்தம். அவளுக்கு அறிவால் விளங்கிவிட்டது, மனம்தான் அடம் பிடிக்கிறது என்று நினைத்தேன். தெரியாமல் கொஞ்ச நாள் பழகிவிட்டால் மனமும் வழிக்கு வந்துவிடும். ஒரு புருஷன் பெண்டாட்டிக்காக இந்த அளவு யோசிப்பது தவறில்லை என்று இப்போதும் நினைக்கிறேன்.

சாலிஹாவுக்கு முட்டி வலி. ஒளு எடுக்கும்போது வாஷ்பேசினில் காலைத் தூக்கி வைத்துக் கழுவுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். நம் ஆட்கள் வீட்டில் எல்லாம் இதே கதைதான். அதனால் கராஜ் பக்கத்தில் தாழ்வாக ஒரு குழாய் போட்டு, உட்காரக் கல்மேடையும் கட்டிக் கொடுத்தேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. உங்களுக்கும் ஃபோன் பண்ணிப் பெருமையாகச் சொன்னாளே, நினைவிருக்கும். போர் தண்ணீர் என்று நம்பினாள். அந்தக் குழாய்க்கு வந்தது இயந்திரத்துத் தண்ணீர்.

முதல் வாரமே கேட்டாள். "என்னங்க, இதுல மருந்து வாசனை வருதே. கிச்சன்ல அப்படி வரலையே?"

தொட்டியில் சொட்டுச் சொட்டாகக் குளோரின் கலக்க ஒரு பம்ப் வைத்திருந்தேன். அன்று மாலையே அதை நிறுத்தினேன். மறுநாள், இப்போதுதான் தண்ணீர் தண்ணீராக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டாள். அதை அவளுடைய சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

அந்த பம்ப் எதற்கு என்று எனக்குத் தெரியாமல் இல்லை. சவ்வு தனக்கு முன்னால் வருவதைத்தான் தடுக்கும். தாண்டி வந்த தண்ணீர் டெக்ஸஸ் வெயிலில் தொட்டிக்குள் வெதுவெதுப்பாகக் கிடந்தால், அதில் புதிதாக வளர்வதை அது தடுக்காது. ஒருவகை அமீபா வளரலாம். குடித்தால் ஒன்றும் செய்யாது. மூக்கு வழியாக ஏறினால் மூளைக்குப் போய்விடும். அபூர்வம்தான், ஆனால் எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்த விஷயம். ஒளுவில் வேளைக்கு மூன்று முறை மூக்கில் தண்ணீர் ஏற்றிச் சிந்துகிறோம். சாலிஹா எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டாள்.

முதல் நோன்பன்று சொல்லிவிடுவதாக இருந்தேன். இத்தனை நாள் இந்தத் தண்ணீரில்தான் தொழுதாய் என்றால், கொஞ்சம் கோபப்பட்டுவிட்டுச் சிரித்துவிடுவாள் என்று நினைத்தேன்.

நோன்பு வருவதற்கு முன்பே, ஆகஸ்டில், கறிக்குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தவள் தனக்கு ஸ்மெல்லே தெரியவில்லை என்றாள். அப்புறம் தலைவலி, காய்ச்சல். கழுத்தைத் திருப்ப முடியவில்லை. எமர்ஜென்ஸியில் சேர்த்தோம். மூளைக்காய்ச்சல், பாக்டீரியாவாக இருக்கும் என்று மருந்து ஏற்றினார்கள். அப்போதுதான் நீங்கள் ஃபோனில் கேட்டீர்கள்.

"ஜைனு, அவ லேக், ஸ்விம்மிங் பூல்னு எங்கயாவது போனாளா? மூக்குல தண்ணி ஏறிச்சா?"

"எங்கயும் போகல மச்சான்" என்றேன்.

அதில் பொய் இல்லை. உங்கள் இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை, நீங்களும் திரும்பக் கேட்கவில்லை. சொல்லியிருந்தால், அவள் கண் விழித்ததும் யாராவது அவளிடம் அதைச் சொல்வார்கள். அந்த முகத்தை என்னால் பார்க்க முடியாது. அதனால் அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் கண் விழிக்கவில்லை. எனக்கு அவள்மேல் உயிர், மச்சான். அவள் இல்லாத வீட்டில் தொழுகைக்கான பாங்கு நேரம் வந்தால் எங்கே நிற்பது என்றே தெரியவில்லை.

அவள் போன பிறகுதான் அது அமீபா என்று கண்டுபிடித்தார்கள். முன்பே தெரிந்திருந்தாலும் பிழைப்பது அரிது என்று பிறகு நீங்களே சொன்னீர்கள். எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. அடக்கம் முடிந்து வந்ததும் தொட்டியில் ப்ளீச் ஊற்றிக் கழுவினேன். ஹெல்த் டிபார்ட்மென்ட் ஆட்கள் சாம்பிள் எடுத்துப் போனார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை.

என் கையால்தான் அவள் மவுத்தானாள் என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன். தெரிந்தே செய்தேன் என்று மட்டும் சொல்லாதீர்கள். ஆபத்து என்று ஒரு கணம் நினைத்திருந்தாலும் அவளை அந்தக் குழாய்ப் பக்கம் விட்டிருப்பேனா?

இன்று காலை என் மகள் இனாயா உங்களிடம் சொன்னது என் காதில் விழுந்தது. அந்தக் குழாய் உம்மாவுக்கு மட்டும்தான், நீ தொடக்கூடாது என்று வாப்பா சொல்லியிருந்தார் என்று இங்கிலீஷில் சொன்னாள். குழந்தை சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள். தொழுகை நேரத்தில் அவளை என்னோடு மாடிக்கு அழைத்துப் போய்விடுவேன். நானும் அந்தத் தண்ணீரை ஒருநாள்கூட மூக்கில் ஏற்றியதில்லை. ஏன் என்று கேட்காதீர்கள், மச்சான். எங்கள் இரண்டு பேருக்கும் மாடிக் குழாய்தான் பழக்கம்.